தாடைச் சத்திரசிகிச்சை ஆடம்பரம் அன்று

வாயை மூடும்போது கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு வெளியே வந்து நிற்கும் அமைப்பைப் பல் மருத்துவம் மூன்றாம் வகைக் கடிப்பொருத்தம் என்று வகுத்திருக்கிறது. இவ்வகுப்பு முறையை 1899 இல் அமெரிக்கப் பற்சீரமைப்பு அறிஞர் எட்வேர்ட் ஏங்கிள் வெளியிட்டார். தாடை எலும்பை வெட்டி நகர்த்தி இவ்வமைப்பைச் சரிசெய்யும் சத்திரசிகிச்சை வெறும் அழகுக்கானது, உடம்புக்கு ஒரு குறையும் இல்லாதவர் தேடிப் போகும் ஆடம்பரம் என்ற நம்பிக்கை தமிழரிடையே பரவலாக உண்டெனினும், முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடு போன்ற ஊர்களில் அதற்குத் தனியானதொரு வலு இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர் இவ்வூரைக் கடந்து சென்றது. கால் இழந்தவர்களும் எறிகணைச் சிதறல்களை உடம்பில் சுமப்பவர்களும் வாழும் மண்ணில், நாடி நீண்டதற்காக ஒருவர் வைத்தியசாலைக்குப் போவதா என்ற கேள்வி நியாயமானது போலவே ஒலிக்கிறது. ஆயினும் ஒருவரின் துன்பத்தை அளக்க இன்னொருவரின் பெருந்துன்பத்தை அளவுகோலாகக் கொண்டால், எந்த ஊரிலும் எந்த நோயாளிக்கும் சிகிச்சை கிடைக்க வழியில்லாமற் போகும்.

இச்சிகிச்சையின் வரலாறே மேற்சொன்ன நம்பிக்கையை மறுக்கிறது. கீழ்த்தாடையை வெட்டித் திருத்திய முதற் சத்திரசிகிச்சையாகப் பதிவு பெற்றிருப்பது, 1849 இல் அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹலிஹென் செய்தது. சிறுவயதில் பட்ட தீக்காயத்தின் தழும்பு கழுத்திலிருந்து இழுத்ததால் தாடை உருக்குலைந்து, வாயை மூட இயலாமல் வளர்ந்த ஓர் இளம்பெண்ணே அவருடைய நோயாளி. அதற்கு நூறாண்டுக்கும் மேலான காலத்தின் பின், 1957 இல், ரிச்சர்ட் ட்ரவுனரும் ஹூகோ ஓப்வெகேசரும் வெளியிட்ட முறை, கீழ்த்தாடையின் பின்பகுதியை வாயின் உட்புறமாகவே நெடுக்காகப் பிளந்து, பற்களைத் தாங்கும் முன்பகுதியை வேண்டிய அளவு நகர்த்திப் பொருத்துவதற்கு வழி செய்தது. இன்று உலகெங்கும் செய்யப்படுவது பெரும்பாலும் இம்முறையின் திருத்திய வடிவமே. உண்ணவும் பேசவும் வாயை மூடவும் இயலாதவர்களுக்காகத் தொடங்கி வளர்ந்த துறையை அலங்காரக் கடையாகக் காண்பது அறியாமை.

எட்டுத் திக்கிலும் நாடு வைத்திருந்த ஹப்ஸ்பர்க் பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸின் (1500–1558) பற்கள் ஒன்றோடொன்று சந்திக்கவில்லை என்றும், அவர் உணவைச் சரியாக மெல்ல இயலாதிருந்தார் என்றும் அக்காலத்தவர் எழுதி வைத்தனர். அதே இடர்ப்பாடு சாதாரண வீட்டுச் சாப்பாட்டிலும் தெரியும். முன்பற்கள் சந்திக்காதவர் பாணையோ கொய்யாப்பழத்தையோ கடித்து எடுக்க முடியாமல், கையால் பிய்த்துக் கொடுப்புப் பல்லுக்குத் தள்ளி மெல்லுகிறார். ஒரு சில பற்களே முழுச் சுமையையும் ஏற்பதால் அவை தேய்கின்றன. கீழ் முன்பற்களைச் சூழ்ந்த முரசு காலப்போக்கில் இறங்கக்கூடும். சகர ஒலி சிலருக்குச் சிதைகிறது. பாடசாலையில் கேலிக்கு உள்ளாகிப் பேசுவதையே குறைத்துக்கொண்ட பிள்ளையின் மனவருத்தமும் பொய்யன்று. தோற்றம் ஒரு காரணமாவதில் குற்றமில்லை; தோற்றத்தைத் தவிர வேறு காரணமே இல்லையென்று அடித்துச் சொல்வதுதான் தவறு.

இந்த நம்பிக்கை இரு திசைகளில் கேடு விளைக்கிறது என்பது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. மெல்ல இயலாத இளைஞனிடம் ‘ஆம்பிளைக்கு அழகு எதுக்கு’ என்று சொல்லி அவனை மறிக்கும் அதே குடும்பம், சாப்பாட்டிலும் பேச்சிலும் ஒரு தடையுமில்லாத மகளை, வெளிநாட்டுச் சம்பந்தம் கைகூட வேண்டுமென்பதற்காக அவசரப்படுத்துகிறது. இரண்டு இடத்திலும் தாடையை அளந்தவர் எவருமில்லை, பார்வையே தீர்ப்பாகிவிடுகிறது. அந்தப் பார்வையோ நம்பத்தக்கதன்று. ஊர் ‘நாடி நீளம்’ என்று சொல்லும் முகங்கள் பலவற்றில் கீழ்த்தாடை இயல்பான அளவிலேயே இருக்க, மேல்தாடைதான் வளராமற் பின்தங்கியிருக்கிறது. தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் எலும்புகளின் கோணங்களை அளந்த பின்னரே எந்தத் தாடை பிழையென்று சொல்ல முடியும். கீழ்த்தாடையை மட்டும் அதிகம் பின்னே தள்ளினால் நாவுக்குரிய இடமும் சுவாசப் பாதையும் ஒடுங்கக்கூடும் என்பதால், மேல்தாடையை முன்கொண்டு வருவதோ இரண்டையும் சேர்த்து நகர்த்துவதோ பல வேளைகளில் தேவைப்படுகிறது. கலியாண நாளுக்கு ஏற்ப இவ்வேலையை அவசரப்படுத்தவும் முடியாது. சத்திரசிகிச்சைக்கு முன்னர் ஒரு வருடமோ அதற்குக் கூடுதலாகவோ பல்லுக்குக் கம்பி கட்டியிருக்க வேண்டும். தாடைப் பிழைக்கு ஈடுகொடுத்துச் சாய்ந்திருந்த பற்களை அக்காலத்தில் நிமிர்த்துவதால், பொருத்தம் முன்னையிலும் மோசமாகத் தோன்றும். அழகை மட்டும் எண்ணி வந்தவர் இடைவழியில் மனமுடைந்து விலகுவது இக்கட்டத்திலேதான்.

உதட்டுப்பிளவும் அண்ணப்பிளவும் உடைய பிள்ளைகளின் நிலை இந்த நம்பிக்கையின் பொருந்தாமையை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. 1984 இல் பிரித்தானிய மருத்துவர் மைக்கேல் மார்ஸ் தொடங்கிய இலங்கைப் பிளவுச் சிகிச்சைத் திட்டத்தில், சிகிச்சை எதுவும் பெறாமலே வளர்ந்து பெரியவர்களான இலங்கையரின் முக அளவுகள் ஆராயப்பட்டன. அவர்களின் மேல்தாடை பெருமளவு இயல்பாகவே வளர்ந்திருந்தமையால், பிளவுடையோரில் காணப்படும் மேல்தாடைக் குறுக்கத்துக்குக் குழந்தைப் பருவத்து அறுவையின் தழும்பே பெருங்காரணம் என்ற முடிவு வலுப்பெற்றது. ஆனால் அந்த அறுவையைத் தவிர்க்கவும் முடியாது, ஏனெனில் அண்ணம் மூடாத பிள்ளைக்குத் தெளிவான பேச்சு வருவதில்லை. பேச்சுக்காகச் செய்த அந்த முதற் சிகிச்சையை எவரும் அலங்காரம் என்பதில்லை. அதன் விளைவாக மேல்தாடை பின்தங்கி, அதே பிள்ளைக்கு இருபது வயதில் தாடைச் சத்திரசிகிச்சை தேவைப்படும்போது மட்டும் அது எப்படி அலங்காரமாகிறது?

பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்லும் இன்னொரு வார்த்தையும் இங்கே கண்டிக்கத்தக்கது: வளர வளரத் தானாகச் சரியாகும் என்பது. பூப்புப் பருவத்தில் கீழ்த்தாடை வேகமாக வளர்வதால், எலும்பு சார்ந்த பிழை பெரும்பாலும் கூடவே செய்யும். ஏறக்குறைய பத்து வயதுக்கு முன்னர், மேல்தாடை எலும்புப் பொருத்துகள் இறுகாத பருவத்தில், முகக்கவசம் போன்ற கருவியால் மேல்தாடையை முன்னிழுத்துப் பல பிள்ளைகளுக்குப் பயன் காண முடிகிறது. அந்தக் காலம் தவறினால், கடுமையான பிழையுடையவருக்குப் பின்னர் எஞ்சுவது சத்திரசிகிச்சையே. அதுவும் வளர்ச்சி நின்ற பிறகு, பெண்களுக்குப் பொதுவாகப் பதினேழு பதினெட்டு வயதளவிலும் ஆண்களுக்கு இருபதை அண்டியும், வேறுவேறு காலங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டு உறுதி செய்த பிறகே நடைபெறும்.

ஆடம்பரம் அன்று என்பதனால் எல்லோருக்கும் வேண்டியது என்றும் ஆகாது. கீழ்த்தாடை எலும்பினூடாக ஓடும் நரம்பு, கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தருவது, எலும்பைப் பிளக்கும்போது அதிர்ச்சிக்கு உள்ளாகிறது. அதனால் உண்டாகும் விறைப்பு பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் குறைந்து வருமெனினும் சிலருக்கு நிரந்தரமாகவே எஞ்சுகிறது. முழு மயக்க மருந்து, சில வாரத்து நீராகாரம், எலும்பைப் பிடித்து நிற்கும் டைட்டேனியம் தகடுகள், நகர்த்திய தாடை ஓரளவு பழைய இடத்துக்கே திரும்பும் அபாயம் ஆகியவையும் உண்டு. நன்றாக மென்று, தெளிவாகப் பேசி, தம் முகத்தோடு மனம் ஒத்து வாழ்பவர் இவ்விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. இலேசான பிழைக்குக் கம்பி மட்டுமே போதுமானதாக இருக்கலாம். வேண்டாம் என்று முடிவெடுப்பவரும் அறிந்து முடிவெடுத்தவராயின் அவர் முடிவும் சரியானதே.

விசுவமடுவின் ஒரு குடும்பத்துக்கு உண்மையான தடைகள் வேறு. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமாயினும், கம்பியை இறுக்குவதற்குத் தவணைதோறும் பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் போய்வரும் பஸ் காசும், அன்றைய நாளின் கூலி இழப்பும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத் தொடர்ந்து வரும். உறவினர் கவலைப்பட வேண்டியது இதைப் பற்றி; உதவி செய்ய முடிந்தவர் செய்யக்கூடிய உதவியும் இதுவே. எட்டு வயதுப் பிள்ளையின் கீழ்ப்பற்கள் வெளியே பொருந்துவதைக் காணும் பெற்றோர் அதை ராசி என்றோ ‘அப்பப்பாவின் சாயல்’ என்றோ விட்டுவிடாமல் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். பதினெட்டைக் கடந்தவரிடம் படத்தையும் அளவையும் ஆபத்தையும் எடுத்துச் சொல்லி முடிவை அவரிடமே விட வேண்டும். சத்திரசிகிச்சைச் சம்மதப் பத்திரத்தில் கையொப்பமிட உரிமையுள்ளவர் அவர் ஒருவரே.