நீ இழு, இல்ல நீ இழு!

நான் டெல் டோரோ கட்சி. அதை முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் 'நடுநிலை இல்லை'ன்னு யாரும் சண்டைக்கு வரப்படாது.

கிரிக்கெட் தவிர வேற எதையும் பார்க்காத மக்களுக்காக: ஜீரோ தித்தாலியா இத்தாலியில நடக்கிற மூணு வார சைக்கிள் ரேஸ். மொத்த நேரம் யாருக்குக் குறைச்சலோ அவருக்கு பிங்க் ஜெர்சி. 2025 மே 31, இருபதாவது நாள். மறுநாள் ரோமில் கிட்டத்தட்ட ஊர்வலம்தான், அதனால அன்னிக்கே முடிவு தெரிஞ்சுடும். ஜெர்சி மெக்ஸிகோவின் இசாக் டெல் டோரோகிட்ட. வயசு 21. ஈக்வடாரின் ரிச்சர்ட் கரபாஸ் 43 வினாடி பின்னாடி, இங்கிலாந்தின் சைமன் யேட்ஸ் 1 நிமிடம் 21 வினாடி பின்னாடி.

வழியில கோலே டெல்லே ஃபினெஸ்ட்ரே மலை. 18.5 கிலோமீட்டர் ஏற்றம், நூறு மீட்டருக்குச் சராசரியா 9 மீட்டர் மேல ஏறணும். கடைசி 8 கிலோமீட்டருக்கு தார் ரோடே கிடையாது, வெறும் மண்ணும் ஜல்லியும். நம்மாளுங்க பைக்லயே முதல் கியர் போடற இடம்!

அடிவாரத்துலேர்ந்தே கரபாஸ் தாக்கினார். டெல் டோரோ நிழல் மாதிரி ஒட்டிக்கிட்டார். யேட்ஸ் வந்து சேர்ந்து, திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி, கடைசில தனியா கழண்டுட்டார். துரத்த வேண்டிய ரெண்டு பேரும் 'நீ இழு, நீ இழு'ன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னாங்க. எங்க தொழில்ல இதுக்குப் பேரு டெட்லாக். ரெண்டு ப்ரோக்ராமும் 'அவன் விடட்டும், அப்புறம் நான் விடறேன்'னு காத்துக்கிட்டே இருக்கும், சிஸ்டம் அப்படியே உறைஞ்சு போயிடும்.

மலைக்கு அந்தப் பக்கம் யேட்ஸோட டீம்காரர் வௌட் வான் ஆர்ட் வேற முன்னாடி போய் ரெடியா இருந்தார். அவர் முதுகுக்குப் பின்னாடி காத்து அடிக்காம யேட்ஸ் பறக்க, கணக்கு முடிஞ்சது. ரெண்டு பேரும் ஐந்து நிமிடத்துக்கு மேல பின்தங்கி வந்தாங்க. யேட்ஸ் மொத்தத்துல 3 நிமிடம் 56 வினாடி வித்தியாசத்துல ஜீரோவை ஜெயிச்சார்.

'ரெண்டு பேருமே முட்டாள்'னு நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு அது ஒத்துக்கலை. கரபாஸ் 2019-லயே ஜீரோ ஜெயிச்சவர். அவருக்கு இரண்டாமிடமோ மூணாமிடமோ பெரிய விஷயமில்லை. வீடு எரிஞ்சது டெல் டோரோவுக்கு. எரியற வீட்டுக்காரன்தானே முதல்ல வாளியைத் தூக்கணும்? பக்கத்து வீட்டுக்காரன் வரட்டும்னு திண்ணையில உட்கார்ந்தா எப்படி?

யேட்ஸ் மேல கோபமும் வரமாட்டேங்குது, அதான் கொடுமை. 2018-ல இதே ஜெர்சி அவர்கிட்ட இருந்தது. இதே மலைல நொறுங்கி, அன்னிக்கு ஒரே நாள்ல 38 நிமிடத்துக்கு மேல இழந்தார். கிறிஸ் ஃப்ரூம் இங்கதான் தனியா கிளம்பி, 80 கிலோமீட்டர் ஒத்தையா ஓட்டி ஜெர்சியைத் தூக்கிட்டுப் போனார். ஏழு வருஷம் கழிச்சு அதே ஜல்லி ரோட்டுல திருப்பி வாங்கினவர் கோட்டைத் தாண்டி அழுதப்போ, எதிர்க்கட்சிக்காரனான எனக்கே தொண்டை அடைச்சது.

ஆனா டெல் டோரோ? கோட்டுக்கிட்ட வந்ததும் ஸ்பிரிண்ட் அடிச்சு கரபாஸை விட்டுட்டு முன்னாடி வந்தார். கால்ல அவ்ளோ மிச்சம் வச்சிருந்திருக்கார் மனுஷன். எதுக்குய்யா தம்பி, எதுக்கு?