கடைசி இரண்டு இலக்கங்கள்

வானத்தில் 20,000 கிலோமீட்டருக்கும் அப்பால் சுற்றிவரும் துணைக்கோள்கள், தம்முள் பொதிந்த அணுக்கடிகாரங்களின் துணையால், நடுக்கடலில் மிதக்கும் ஒரு ஃபைபர் படகின் இருப்பிடத்தைச் சுமார் பத்து மீட்டர் பிசகுக்குள் சொல்லிவிடுகின்றன என்பது நம் காலத்து அதிசயங்களில் ஒன்று. ஆனால் அந்தப் படகு போய்ச் சேரவேண்டிய இடம் எது என்பதைத் துணைக்கோள் சொல்வதில்லை. படகுக்காரர் தாமே ஒரு சீட்டில் எழுதிவைத்த எண்களைப் பார்த்து, ஈரக்கையோடு, உள்ளங்கையில் அடங்கும் கருவியில் இலக்கம் இலக்கமாக அவற்றை ஏற்றவேண்டியிருக்கிறது. அந்த வேளையில் நேரும் தவறைத் திருத்த எந்தத் துணைக்கோளாலும் ஆகாது. ஆகையால், மீனவர்களுக்கு ஜி.பி.எஸ். கருவியை மானிய விலையில் கொடுத்தால் மட்டும் போதாது, எண்களைப் பிழையின்றி ஏற்றும் வித்தையையும் உடன் கற்பிக்கவேண்டும், கரையிலிருந்து போகும் அறிவிப்புகள் அத்தனையும் எண்களை ஒரே முறையில் எழுதவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இதைச் சில்லறை விஷயம் என்று எண்ணுகிறவர்கள் ஒரு சரித்திரத்தை நினைவுகூர வேண்டும். அமெரிக்க ராணுவம் தன் உபயோகத்துக்காக அமைத்த இந்த ஏற்பாட்டில், பிறருக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் மட்டும் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜனாதிபதி கிளிண்டன் காலத்தில், அந்தக் கலப்பு நீக்கப்பட்டது. அதுவரை நூறு மீட்டர் வரை தடுமாறிய சாதாரணக் கருவி, அன்று முதல் சில மீட்டர்களுக்குள் நிலைகொண்டது. அதற்குப் பின் கடலில் மிச்சமிருக்கும் பெரும் பிழை, பெரும்பாலும் மனிதனின் விரல் நுனியில் பிறப்பதுதான்.

அது பிறக்கும் விதத்தைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். பொதுவாக இத்தகைய கருவிகளில் ‘மார்க்’ பொத்தானை அழுத்தினால், கருவி தான் அந்தக் கணத்தில் இருக்கும் இடத்தையே ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டு, அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் திரையில் காட்டும். அந்த எண்களின்மேல் ஏறி, திசைப்பொத்தானால் ஒவ்வோர் இலக்கமாக நகர்ந்து, பழையதை மாற்றிப் புதியதை வைத்து, கடைசியில் சேமிக்கவேண்டும். கடலோடிகள் ‘பாயிண்ட்’ என்று சொல்வது இப்படிச் சேமித்த புள்ளியைத்தான். நடுவில் ஓர் இலக்கத்தைத் தாண்டிவிட்டால், மாற்றாமல் விட்ட பழைய இலக்கம் அங்கேயே நிற்கும். திரையைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். பெயர் வைக்காமல் சேமித்தால், 014 என்றும் 015 என்றும் கருவியே எண் போட்டுக்கொள்கிறது. மறுவாரம் இவற்றுள் எது மீன் கிடைத்த இடம், எது வலை கிழிந்த பாறை என்று அடையாளம் காண்பது கடினம்.

இதைவிடப் பெரிய இடர் எண்களை எழுதும் முறையில் இருக்கிறது. ஓர் இடத்தைப் பாகை, நிமிடம், விநாடி என்று மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். பாகையையும் நிமிடத்தையும் மட்டும் எழுதி, நிமிடத்தின் மிச்சத்தைத் தசமத்தில் குறிக்கலாம். பாகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் அதன் தசமமாகவும் எழுதிவிடலாம். கையடக்கக் கருவிகள் பல இரண்டாம் முறையில் திறக்கின்றன. கைப்பேசி வரைபடங்கள் பெரும்பாலும் மூன்றாம் முறையில் எண் தருகின்றன. ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் மீன்வளப் பகுதி அறிவிப்போ பாகை, நிமிடம், விநாடி என்ற முதல் முறையில் வருகிறது. வீட்டிலிருக்கும் மகன் கைப்பேசியில் பார்த்து 9.30 என்று எழுதியனுப்ப, கடலில் இருக்கும் தகப்பனார் அதை ஒன்பது பாகை முப்பது நிமிடம் என்று ஏற்றினால் என்ன ஆகும்? ஒன்பது பாகையும் அதன் தசமம் மூன்றும் சேர்ந்தால் ஒன்பது பாகை பதினெட்டு நிமிடம்தான். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது ஏறக்குறைய 1852 மீட்டர். எனவே பன்னிரண்டு நிமிட வித்தியாசம் 22 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது.

விநாடிக்கும் தசமத்துக்கும் இடையே நேரும் குழப்பம் இதைவிடச் சிறியது. சிறியது என்பதாலேயே எளிதில் பிடிபடுவதில்லை. இதற்கு நம் கடலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கை பாக் நீரிணையில் எல்லைக்கோட்டை ஆறு புள்ளிகளால் வரையறுத்தது. அவற்றுள் மூன்றாவது, வடக்கு 9 பாகை 40.15 நிமிடம், கிழக்கு 79 பாகை 22.60 நிமிடம். சீட்டில் இது 9-40-15 என்று ஏறிவிட்டால், கடைசியிலுள்ள பதினைந்து விநாடியா, நிமிடத்தில் நூற்றிலொரு பங்குகளா என்று சீட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உண்மையில் அது ஒன்பது விநாடி மட்டுமே. பதினைந்து விநாடி என்று ஏற்றினால் புள்ளி சுமார் 185 மீட்டர் வடக்கே போய்விடுகிறது. மூன்று தசம இலக்கம் கேட்கும் கருவியில் 40.150 என்று ஏற்றுவதற்குப் பதில் 40.015 என்று ஏற்றினால், 250 மீட்டர் தெற்கே இறங்கிவிடுகிறது. தீர்க்கரேகையில் வரும் அறுபதுதான் உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது: விநாடி 59-ஐத் தாண்டாது, ஆகவே இது தசமமாகத்தான் இருக்கவேண்டும் என்று கவனமாகப் பார்ப்பவர் உணர்ந்துகொள்வார். கவனியாதவர் அறுபது விநாடியை முழு நிமிடமாக்கி 23 என்று ஏற்றிவிட்டால், அவருடைய கருவியில் எல்லைப்புள்ளி முக்கால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிழக்கே தள்ளிப்போகும். தாம் இன்னும் இந்தியக் கடலில் நிற்பதாக அவர் மனப்பூர்வமாக நம்புவார். நம் மீனவர்கள் எல்லைதாண்டியதாகக் கைதாவதற்கெல்லாம் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு மீன்வளமும் வாழ்வாதாரமும் அரசியலும் சேர்ந்த ஆழ்ந்த காரணங்கள் உண்டு. ஆயினும், எல்லை எங்கே என்று ஒரு மனிதன் தன் கருவியிடம் கேட்கும்போது அது சரியான பதில் சொல்லவேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது.

வரைபடத்தின் அடிப்படை பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவடிவத்தை ஆதாரமாகக் கொண்டவை, ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற அளவையைக் கொண்டது. 2005-ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென வரும் தாள்கள் புதிய அளவைக்கு மாறின. பழைய தாளில் படித்த எண்ணை அப்படியே கருவியில் ஏற்றினால் நூறு மீட்டருக்கு மேல் பிசகு வரலாம்.

பிழையைக் கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. நான் மேலே சொன்ன மீன்வளப் பகுதி அறிவிப்பு, எண்களோடு நில்லாமல், இன்ன இறங்குதளத்திலிருந்து இன்ன திசையில் இத்தனை கிலோமீட்டர் தூரம், இத்தனை மீட்டர் ஆழம் என்றும் சொல்கிறது. எண்ணை ஏற்றிச் சேமித்ததும் கருவியும் அந்தப் புள்ளிக்குத் திசையும் தூரமும் காட்டும். இறங்குதளத்தில் நங்கூரம் எடுக்கும் முன்பே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், அரை நிமிடத்தில் பெரிய தவறுகள் வெளிப்பட்டுவிடும். கருவி கடல் மைலில் காட்டுகிறதா, கிலோமீட்டரில் காட்டுகிறதா என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிடித்த மீனை எடைபோடும் தராசை எத்தனை கவனமாகப் பார்க்கிறோமோ, அத்தனை கவனம் இந்த எண்ணுக்கும் உரியது.

இந்த அஜாக்கிரதை உயிரைப் பறிக்கும் என்பதற்கு 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆப்கானிஸ்தானத்தில் நேர்ந்த துயரம் சாட்சி. குண்டு வீசவேண்டிய இடத்தைக் கையடக்கக் கருவியில் குறித்துக்கொண்ட அமெரிக்க வீரர் ஒருவர் பேட்டரியை மாற்றினார். மின்சாரம் திரும்பியதும் கருவி, எதிரியின் இடத்தைக் காட்டாமல், தான் இருக்கும் இடத்தையே காட்டியது. அந்த எண்களே விமானத்துக்குப் போயின. குண்டு அவர்கள் மேலேயே விழுந்து மூன்று அமெரிக்க வீரர்களும் ஆப்கானியர்களும் மாண்டார்கள். நமக்கு யுத்தம் இல்லை. ஆனால் புயல் உண்டு. 2017-ஆம் ஆண்டு ஒக்கி புயலில் கன்னியாகுமரி மாவட்டக் கரை இழந்த உயிர்களை நாம் மறக்க முடியாது. இனியொரு புயலில் கவிழ்ந்த படகின் இடத்தை ஒருவர் கம்பியில்லாக் கருவியில் கூவிச் சொல்லும்போது, கேட்பவர் அட்சரேகையில் ஒரு பாகையைக் கூட்டியோ குறைத்தோ எழுதினாலே தேடும் கப்பல் சுமார் 111 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும். ஆகவே எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லவும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யவும் பழக்கவேண்டும்.

மீன்வளத் துறைக்கும் கடலோரக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது. பாகையும், மூன்று தசம இலக்கத்தோடு நிமிடமும் என்ற ஒரே முறையை எல்லா அறிவிப்புகளுக்கும் ஏற்படுத்துங்கள். எண்களுக்கிடையே வெறும் கோடும் புள்ளியும் போடாமல் அலகைத் தமிழில் எழுதுங்கள். கருவியை வாங்க வருகிறவரிடம், அதை ஒப்படைக்கும் முன், ஒரு தெரிந்த இடத்தின் எண்ணைக் கொடுத்து அவர் கையாலேயே ஏற்றச் சொல்லி, திசையும் தூரமும் சரியாக வருகிறதா என்று அங்கேயே பாருங்கள். ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் முடிகிற இந்தப் பயிற்சியை அடுத்த மீன்பிடித் தடைக்காலத்திலேயே, கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்திலேயே, தொடங்கிவிடலாம்.