இழுதிசையும் வெட்டுதிசையும்
காரின் ஃபெண்டர் போன்ற வளைவு மிகுந்த தகட்டுப் பாகத்தை, அதற்கு உருக்கொடுக்கும் அச்சான டைக்குள் எந்தக் கோணத்தில் சாய்த்து வைப்பது என்னும் முடிவே, அந்த டைத் தொகுதியின் செலவையும் உழைப்புத் திறனையும் பெருமளவு தீர்மானிக்கிறது. பஞ்ச் என்னும் அழுத்துறுப்பு தகட்டை டையின் குழிக்குள் அழுத்தி உருக்கொடுக்கும் திசையே இழுதிசை. அத்திசையிலிருந்து நோக்கும்போது பாகத்தின் எப்பகுதியும் இன்னொன்றின் அடியில் மறையக் கூடாது என்பதோடு, பஞ்ச் தகட்டின் நடுப்பகுதியை முதலில் தொடுவதும் நன்று, ஏனெனில் ஓரத்தில் தொட்டால் தகடு ஒருபக்கமாக வழுக்கி, வண்ணம் பூசிய பின்னும் தெரியும் தடத்தை வெளிப்பரப்பில் விட்டுவிடும். ஆட்டோஃபார்ம் போன்ற மென்பொருள்கள் பாகத்தைத் திரையில் சாய்த்துப் பார்த்து, மறையும் பகுதிகளை நிறமிட்டுக் காட்டி, தக்க நிலையையும் முன்மொழிகின்றன. அம்முன்மொழிவை அப்படியே ஏற்று, ஓரங்களை நறுக்கும் வெட்டுதிசையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் பெரும் பிழை. வெட்டும் எஃகு தகட்டின் பரப்புக்கு ஏறத்தாழச் செங்குத்தாக இறங்கும்போதே விளிம்பு தூய்மையாக அமைகிறது. அக்கோணம் விலக விலகப் பிசிறு எழுகிறது, வெட்டுமுனை மெலிந்து விரைவில் உடைகிறது, அதைத் தவிர்க்கவே பிரஸ்ஸின் செங்குத்து அசைவைப் பக்கவாட்டுக்குத் திருப்பும் கேம் என்னும் அமைப்பைச் சேர்க்க நேர்கிறது. கேம் இடத்தை அடைக்கும், விலை மிகுந்தது, பராமரிப்பும் கோரும். இழுப்புக்கும் நறுக்கலுக்கும் இடையே பாகத்தைத் திருப்பி வைக்க வழியுண்டு எனினும், அதை ஏந்திச் செல்லும் தானியங்கிக் கைகள் அத்திருப்பத்துக்கு எல்லை வகுக்கின்றன. ஆதலால் இழுதிசையில் சில பாகைகளை விட்டுக்கொடுத்து ஒரு கேமைத் தவிர்க்க முடியுமா என்னும் கேள்வி, டை வார்ப்புக்குச் செல்லும் முன்பே, டை செய்து பழகிய கைவினைஞரையும் உடன்வைத்துத் திரையில் ஆராயப்பட வேண்டும்.