ஃபார்மட் அடிக்கறதுக்கு முன்னாடி பாட்டை எடுங்க

கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறு வந்தாலும் எங்க பக்கம் ஒரே வைத்தியம்தானுங்க. மெதுவா ஓடுதா, ஃபார்மட். வைரஸ் வந்துருச்சா, ஃபார்மட். திரையெல்லாம் நீலமாகி எழுத்து வருதா, அதுக்கும் ஃபார்மட். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சதுல இருந்து இன்னொரு வைத்தியமும் சேர்ந்துக்கிச்சு. "இது பழசுங்க, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிருங்க."

என்னோட கருத்து இதுதான். மிஷின் போனா மிஷின் வாங்கிக்கலாம். அதுக்குள்ள இருக்கிற பாட்டு போனா எந்தக் கடையிலயும் வாங்க முடியாது. சினிமாப் பாட்டைச் சொல்லலை. ஆத்தா பாடின கும்மி, அப்பாரு சொன்ன கதை, ஊர் நோம்பியில பதிவு பண்ணின உடுக்கைப் பாட்டு, இதைத்தான் சொல்றேன். அதனால ரிப்பேருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி பாட்டை வெளியில எடுக்கணும்.

எங்க தோட்டத்துக்கு மேக்கால இருக்கிற அண்ணன் வீட்டுல நடந்ததைச் சொல்றேன். அவங்க அம்மா நல்லா பாடுவாங்க. நாத்து நடும்போது அவங்க ஒரு அடி எடுத்துக் குடுத்தா வரிசை முழுக்க பின்பாட்டு வரும். பேரன் காலேஜ் படிக்கும்போது போன்ல நாலஞ்சு நாள் உக்காந்து பதிவு பண்ணி, வீட்டுக் கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சிருந்தான். அம்மா காலமாயிட்டாங்க. பேரன் வேலைக்கு வெளியூர் போயிட்டான். போன வருஷம் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகுதுன்னு டவுன்ல ஒரு கடைக்குக் கொண்டு போனாங்க. ரெண்டு மணி நேரத்துல ஃபார்மட் அடிச்சு, புதுசா விண்டோஸ் போட்டு, துடைச்சுக் குடுத்துட்டாங்க. மிஷின் இப்ப ஜோரா ஓடுது. பாட்டு இல்லை. உள்ள என்ன இருக்குன்னு கடையில ஒரு வார்த்தை கேக்கலை.

அதுக்கப்புறம் ஃபோட்டோரெக்குன்னு ஒரு இலவச மென்பொருளை வெச்சு ரெண்டு நாள் தேடினோம். ஃபார்மட் அடிச்ச உடனே ஹார்ட் டிஸ்க்ல இருக்கிறது எல்லாமே அழிஞ்சு போறதில்லைங்க. பட்டா புத்தகத்தைக் கிழிச்ச மாதிரிதான் அது. நிலம் அங்கேயேதான் கிடக்கும். ஆனா அது மேல புதுசா விண்டோஸை எழுதிட்டா, எழுதின இடத்துல இருந்தது போனது போனதுதான். எங்களுக்கு பதினோரு பாட்டுக் கோப்பு கிடைச்சது. ஒண்ணுக்கும் பேர் இல்லை, வெறும் நம்பர். கேட்டுப் பார்த்தா மூணு மட்டும் அம்மா குரல். அதுலயும் ஒண்ணு பாதியில அறுந்து போகுது. எஸ்எஸ்டி போட்ட மிஷினா இருந்திருந்தா இந்த மூணு கிடைக்கிறதே கஷ்டம். அதுல அழிச்சதை அந்த எஸ்எஸ்டியே உள்ளுக்குள்ள சுத்தமாத் துடைச்சு வெச்சுக்கும்.

மோட்டார் ஓடலைன்னா நாங்க உடனே போர்ல இருந்து மோட்டாரைத் தூக்கறதில்லை. மூணு பேஸும் வருதான்னு பார்ப்போம். அப்புறம் ஃபியூஸ், ஸ்டார்டர், கெப்பாசிட்டர். எல்லாம் சரியா இருந்தாத்தான் கப்பிக்காரனைக் கூப்பிடுவோம். கம்ப்யூட்டரும் அப்படித்தான். நான் பத்தாவது படிச்சவன். எனக்குப் புரியறது உங்களுக்குப் புரியாம போகாது.

சுத்தமா உயிரே இல்லைன்னா முதல்ல பிளக்கையும் யூபிஎஸ்ஸையும் பாருங்க. வீட்டு யூபிஎஸ்ஸுல இருக்கிற 12 வோல்ட் பேட்டரி சில வருஷத்துல செத்துப் போகும். நேரா சுவத்துப் பிளக்குல மாட்டி ஓடுச்சுன்னா கம்ப்யூட்டர் மேல குத்தமே இல்லை. ஃபேன் சுத்துது, திரையில ஒண்ணும் வரலை, பீப் பீப்னு கத்துதுன்னா, பெரும்பாலும் ரேம்தான். வயரைப் பிடுங்கிட்டு ரேமைக் கழட்டி, அந்தத் தங்க நிற முனையை பென்சில் ரப்பர்ல தேய்ச்சுத் திரும்ப மாட்டுங்க. எங்க ஊர்ல டப்பாவைத் திறந்தா தூசியோட பல்லி முட்டையும் எறும்பும் இருக்கும், பயப்படாதீங்க. அரை மணி நேரம் ஓடித் தானா நின்னு போகுதுன்னா சூடு. ஃபேனுக்குக் கீழ தூசி அடைச்சிருக்கும், பிரஷ்ல எடுத்தாப் போதும். தேதி ஒவ்வொரு தடவையும் பழைய வருஷத்துக்குப் போகுதா? போர்டுல இருக்கிற சிஆர்2032-ன்னு ஒரு பொத்தான் பேட்டரி தீர்ந்து போச்சுன்னு அர்த்தம். தேதி தப்பா இருந்தா இன்டர்நெட்டுல பாதி பக்கம் திறக்காது. அதுக்கும் வைரஸ்னு சொல்லி ஃபார்மட் அடிக்கிறவங்க இருக்காங்க.

இதுல எதுக்குமே பாட்டை அழிக்க வேண்டிய அவசியம் இல்லை, பாருங்க.

உண்மையிலேயே பயப்பட வேண்டிய சத்தம் ஒண்ணு இருக்கு. ஹார்ட் டிஸ்க்ல இருந்து டிக் டிக்னு தட்டற சத்தம், இல்லைன்னா ஒரு ஃபோல்டரைத் திறக்கவே அஞ்சு நிமிஷம். அது டிஸ்க் சாகப் போறதுக்கு அறிகுறி. அப்ப மறுபடி மறுபடி ஆன் பண்ணிப் பார்க்கக் கூடாது. லினக்ஸ் மின்ட்னு ஒரு இலவச இயங்குதளம் இருக்கு. வேற கம்ப்யூட்டர்ல உக்காந்து அதை ஒரு பென்டிரைவ்ல ஏத்திக்கிட்டா, ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற விண்டோஸைத் தொடாமலே அந்தப் பென்டிரைவ்ல இருந்து மிஷினைக் கிளப்பலாம். கிளப்பி, முதல்ல குரல் பதிவு, அப்புறம் போட்டோ, கடைசியா சினிமாப் பாட்டுன்னு வரிசையா வெளி டிஸ்க்குக்கு எடுங்க. எந்த நேரமும் டிஸ்க் நின்னு போகலாம், அதனால வரிசை முக்கியம். பென்டிரைவ்ல ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டா மாறிப் போச்சுன்னாலும் இதே வழிதான். அந்த வைரஸ் பெரும்பாலும் கோப்பை அழிக்கிறதில்லை, மறைச்சு வைக்குது. லினக்ஸ்ல திறந்தா அப்படியே கிடக்கும். எடுத்து முடிச்சு, ஒரு பாட்டை வேற மிஷின்ல போட்டுக் கேட்டுட்டு, அதுக்கப்புறம் ஃபார்மட் அடிங்க. யார் வேண்டாம்னது?

எடுத்தாச்சு. அடுத்த தொல்லை பேரு. பழைய கம்ப்யூட்டர்ல பாட்டு ஃபோல்டரைத் திறந்து பாருங்க. ட்ராக்01, ட்ராக்02, நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் 2, காப்பி ஆஃப் ட்ராக்01. செல்போன் கடையில மெமரி கார்டுல ஏத்திக் குடுத்த பாட்டா இருந்தா, பாட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்துல வெப்சைட் பேர் இருக்கும். 1980-ல வந்த 'ஒருதலை ராகம்' பாட்டுக்கும் 1986-ல வந்த 'ஊமை விழிகள்' பாட்டுக்கும் இளையராஜா பேரைப் போட்டிருப்பாங்க. முதல் படம் டி.ராஜேந்தர், ரெண்டாவது மனோஜ் கியான். இந்த மாதிரி தப்பு சினிமாப் பாட்டுல இருந்தா யாராவது திருத்திருவாங்க. வாட்ஸப்ல வந்து 'ஏயூடி-20190115-டபிள்யூஏ0003'ன்னு கிடக்கிற ஒரு கிழவி பாட்டு யார் பாட்டுன்னு இன்னும் பத்து வருஷம் கழிச்சு யார் சொல்லுவாங்க?

அதனால பேரை இப்பவே எழுதுங்க. வருஷம் முதல்ல, அப்புறம் மாசம், தேதி. அப்படி எழுதினாத்தான் கம்ப்யூட்டர் கால வரிசையில அடுக்கும். அடுத்து ஊர், பாடினவங்க, என்ன பாட்டு. எம்பி3 கோப்புக்குள்ளேயே இதையெல்லாம் எழுதறதுக்கு இடம் இருக்கு. எம்பி3டேக்னு ஒரு மென்பொருள்ல நூறு பாட்டுக்கு ஒரே நேரத்துல எழுதலாம். யூனிகோட் தமிழ்ல எழுதுங்க. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல எழுதி வெச்ச பேரெல்லாம் இப்ப இங்கிலீஷ் எழுத்தைக் கொட்டிக் கலைச்ச மாதிரித் தெரியும்.

பேர் எழுதறது எவ்வளவு பெரிய காரியம்னு எங்க கொங்கு நாட்டுலயே ஒரு சாட்சி இருக்கு. வெளிநாட்டுல இருந்து ப்ரெண்டா பெக்னு ஒரு அம்மா 1965-ல காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துல வந்து தங்கினாங்க. அண்ணமார் கதையை, அதாவது பொன்னர் சங்கர் கதையை, உடுக்கை அடிச்சுப் பாடறதை ராத்திரி ராத்திரியா உக்காந்து டேப்புல பதிவு பண்ணினாங்க. யார் பாடினது, எங்க, எப்பன்னு கூடவே குறிச்சு வெச்சாங்க. அது பின்னால புத்தகமாச்சு, கார்ட்டூன் தொடராவும் ஆச்சு. அந்த டேப்பை யாராவது "பழசு"ன்னு தூக்கிப் போட்டிருந்தா? எங்க தாத்தன் பாட்டன் கேட்ட கதையை வெளிநாட்டுல இருந்து வந்த ஒருத்தர் பத்திரப்படுத்தியிருக்காங்க. கையில போன் வெச்சிருக்கிற நாம நம்ம வீட்டுக் குரல் நாலைப் பத்திரமா வைக்க முடியாதா?

இன்னும் கேசட்டாவே கிடக்கிறது உங்க வீட்டுல நிறைய இருக்கும். அதுக்கும் செலவு பெருசா இல்லை. முதல்ல கேசட்டோட மேல் விளிம்புல இருக்கிற ரெண்டு சின்னப் பல்லை உடைச்சு விட்டுருங்க. அப்புறம் யாரும் அது மேல தெரியாம பதிவு பண்ண முடியாது. பூஞ்சை பிடிச்சிருந்தா போடாதீங்க, வெளுத்த பொடி தெரியும். நல்லா இருந்தா ஒரு தடவை கடைசி வரைக்கும் ஓட்டி, திரும்பச் சுத்தி, அப்புறம் போடுங்க. டேப் ரெக்கார்டரோட ஹெட்போன் துளையில இருந்து கம்ப்யூட்டருக்குப் பின்னாடி இருக்கிற நீல நிறத் துளைக்கு ஒரு வயர். ஆடாசிட்டின்னு இலவச மென்பொருள். சத்தத்தைக் காட்டற கோடு சிவப்பைத் தொடாம வெச்சுக்கிட்டாப் போதும். ஒரு மணி நேரக் கேசட்டை சுருக்காம வேவ் கோப்பா வெச்சா சுமார் 600 எம்பி வரும். 128 கேபிபிஎஸ் எம்பி3-ன்னா 60 எம்பிக்குள்ள அடங்கும். மூலத்தை வேவ்ல வைங்க, கேக்கறதுக்கும் அனுப்பறதுக்கும் எம்பி3 வெச்சுக்கங்க. நூறு கேசட் சேர்ந்தாலும் வேவ்ல 60 ஜிபிதான்.

"எல்லாம் யூட்யூப்ல இருக்குதுங்களே, எதுக்கு இந்தப் பாடு"ன்னு டவுன்ல இருந்து வர்ற பசங்க கேக்கறாங்க. சினிமாப் பாட்டு இருக்கு, நானும் அதுலதான் கேக்கறேன். டவர் கிடைக்கிற அன்னைக்கு. ஆனா மாசக் காசு கட்டிக் கேக்கறது வாடகை வீடு மாதிரி. கட்டறதை நிறுத்தினா வெளியில வந்துரணும், அவங்க ஒரு பாட்டை எடுத்துட்டா நாம கேள்வி கேக்க முடியாது. அதை விடுங்க, உங்க அமுச்சி தாலாட்டு எந்த ஆப்ல இருக்கு? கிளவுட்ல போடறதையும் நான் வேண்டாம்னு சொல்லலை. அது ஒரு பிரதி. அது மட்டுமே பிரதின்னா, பாஸ்வேர்டு மறந்த அன்னைக்கு எல்லாம் போச்சு.

விதை நெல்லை நாங்க ஒரே இடத்துல வைக்க மாட்டோம். கொஞ்சம் வீட்டுல, கொஞ்சம் சொந்தக்காரங்க வீட்டுல இருக்கும். ஒரு பக்கம் எலி தின்னாலும் இன்னொரு பக்கம் மிஞ்சும். பாட்டுக்கும் அதேதான். ஒண்ணு கம்ப்யூட்டர்ல, ஒண்ணு வெளி ஹார்ட் டிஸ்க்ல, ஒண்ணு வேற ஊர்ல இருக்கிற அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி வீட்டுல. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த டிஸ்க்கை மாட்டி ரெண்டு பாட்டு போட்டுக் கேளுங்க. அலமாரியில வெச்சதாலேயே டிஸ்க் நல்லா இருக்குன்னு நம்பிக்கிட்டு இருக்காதீங்க.

அடுத்த நோம்பிக்கு ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவுக்குத் துணிமணியோட ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிட்டு வாங்க. திண்ணையில உக்கார வெச்சு, "இது யார் பாடினதும்மா, எந்த வருஷம்"னு கேட்டுக் கேட்டுப் பேர் எழுதுங்க. பாட்டைக் காப்பி பண்ணக் கம்ப்யூட்டர் போதும். பேர் சொல்ல அவங்க இருக்கணும். அவங்க இருக்கும்போதே கேட்டுருங்க.

மஞ்சளுக்குத் தண்ணி கட்டணும், கரண்ட் வர்ற நேரமாச்சு. அடுத்த பதிவுல பார்க்கலாம்ங்க.