தோமாவை வெளியே தள்ளியது யார்?

சந்தேகம் சாத்தானின் குரல் என்று போதிக்கும் பிரசங்கங்களைத் தருமபுரி வட்டாரத்தில் நாங்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். இதை மறுத்து எழுத உங்களுக்கு என்ன தகுதி என்று அன்பர் சிலர் வினவக்கூடும். எங்களுள் ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்பவர் உண்டு. ஞானஸ்நானம் பெற்றும் பல்லாண்டுகளாக அப்பக்கம் போகாதவர் உண்டு. எக்காலத்தும் நம்பாதவரும் உண்டு. அப்போதனை கிறிஸ்தவத்துக்கே பொருந்தாது என்பதில் மட்டும் மூவரும் ஒன்றுபடுகிறோம்.

இவ்விவாதம் ஏடுகளிலிருந்து எங்களுக்குக் கிட்டியதன்று. எங்களுள் ஒருவரின் பெரியம்மா பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்கிறார். முதுகு வளைந்து, முழங்கால் மடக்க இயலாமல் இறுகிப்போனவர். வீட்டில் நடந்த ஜெபக்கூட்டம் ஒன்றில், வந்திருந்த போதகரிடம் அவர் கேட்டார்: "நாங்க குடிச்சது ஆண்டவர் குடுத்த தண்ணிதானுங்களே ஐயா? அதுவே ஏன் எலும்பைத் தின்னுச்சு?" போதகர் தயங்கவில்லை. "சந்தேகப்படாதீங்கம்மா. சந்தேகம் இருக்கிற எடத்துல சுகம் எறங்காது" என்றார். நோயும் அவளுடையது, நோய் நீங்காமைக்கான குற்றமும் அவளுடையது என்றாயிற்று.

அவர் கேட்டது வீண் கேள்வியன்று. இம்மாவட்டத்தின் கருங்கற்பாறைகளில் உள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. அதனை மீறிய நீரைப் பருகி வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படிகிறது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகுகின்றன. மழை பொய்க்கப் பொய்க்க ஆழ்துளைக் கிணறுகளை இன்னும் ஆழமாகத் தோண்டினோம். பாறை நீரையே மேலும் பருகினோம். இதில் அந்த அம்மாள் இழைத்த பாவம் யாது?

இதே கேள்வியை இயேசுவிடமே கேட்டிருக்கிறார்கள். யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் குருடனாய்ப் பிறக்கக் காரணமான பாவம் இவனுடையதா, பெற்றோருடையதா என்று வினவுகின்றனர். இரண்டையும் அவர் மறுத்துவிடுகிறார். அவர் மறுத்த கணக்கைத்தான் அவர் பெயராலேயே இன்று நோயாளியின் தலையில் எழுதுகிறார்கள்.

யோபுவின் கதையும் இதுவே. துன்பத்துக்குப் பாவமே காரணம் என்று வாதிட்ட நண்பர்கள் மூவரும் இறுதியில் கடவுளின் சினத்துக்கு ஆளாகின்றனர். கடவுளையே வழக்குக்கு அழைத்த யோபு சரியாகப் பேசியவன் என்று சொல்லப்படுகிறான். விவிலியத்தை மனப்பாடமாக ஒப்பிப்போர் இந்நூலின் முதல் இரண்டு அதிகாரங்களோடு நின்றுவிடுவது ஏனோ!

இனித் தோமாவுக்கு வருவோம். பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம் என்று சென்னை மண்ணெங்கும் இவர் பெயரைப் பதித்திருக்கிறோம். இவர் கி.பி. 52இல் இந்தியா வந்தார் என்பது மரபு; வரலாற்றாசிரியர் ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். இந்தியக் கிறிஸ்தவம் தன் தந்தையெனக் கொண்டாடுவது, பார்த்துத் தொட்டாலன்றி நம்பேன் என்ற அந்த ஒரு சீடரையே என்பதுதான் எங்களுக்கு முக்கியம். யோவான் இருபதாம் அதிகாரத்தை ஊன்றிப் படித்தால் ஒரு சிறு விவரம் புலப்படும். தோமா மறுத்துப் பேசிய எட்டு நாட்களுக்குப் பின்னும் அதே வீட்டில், அதே சீடர்களோடுதான் இருக்கிறார். பூட்டிய கதவுக்கு உள்ளேயே இருக்கிறார். எவரும் அவரை வெளியே தள்ளவில்லை. நீ நம்பாததால்தான் ஆண்டவர் உனக்குத் தோன்றவில்லை என்று எவரும் இடித்துரைத்ததாகவும் எழுதப்படவில்லை. வந்தவரோ கடிந்துகொள்வதற்கு முன் தம் காயங்களைக் காட்டுகிறார். காணாமல் நம்புவோர் பேறுபெற்றோர் என்பது பின்னால் வருகிற சொல். காயத்தை மறைத்துவிட்டு அச்சொல்லை மட்டும் உரக்க முழங்குவது நேர்மையா?

நிற்க. எங்கள் பகுத்தறிவு நண்பர்களும் தப்பிவிடலாகாது. பெரியம்மாவின் கேள்வியை நாங்கள் சொன்னபோது நண்பரொருவர் கைகொட்டிச் சிரித்து, "முப்பது வருசம் ஜெபிச்சும் முதுகு நிமிரலையாமா?" என்றார். போதகரைப் போலவே அவரும் அவ்வம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சாட்சி, அதற்குமேல் ஒன்றுமில்லை.

அன்னை தெரசாவுக்கு நேர்ந்ததும் இதுதான். அவர் தம் ஆன்ம வழிகாட்டிகளுக்கு எழுதிய மடல்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது, ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் கடவுளின் அண்மையை உணர முடியாத இருளில் அவர் உழன்றது உலகுக்குத் தெரிந்தது. மடல்களை அழித்துவிடுமாறு அவரே வேண்டியிருந்தார். வெளியிட்டவரோ, அவருக்குப் புனிதர் பட்டம் கோரும் பணியை நடத்திய குரு. வேடம் கலைந்தது என்று ஒரு சாரார் ஆர்ப்பரித்தனர். எல்லாம் இறைவனின் சோதனை என்று மறுசாரார் பூசி மெழுகினர். அந்த இருளோடுதான் அவர் அன்றாடம் எழுந்து நோயாளிகளிடம் சென்றார் என்பதில் இரு சாராருமே நிலைகொள்ளவில்லை. ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும்: 2016இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தபோது, அம்மடல்கள் அதற்குத் தடையாகவில்லை. உரோமையில் தடையாகாத ஐயம் எங்கள் ஊர் ஜெபக்கூட்டத்தில் மட்டும் ஏன் தடையாகிறது?

போதகர்களிடம் நாங்கள் வேண்டுவது பெரிதன்று. "தெரியலம்மா" என்ற ஒரு சொல். அதைச் சொல்வதால் விசுவாசம் குன்றிவிடும் என்றால், அவ்விசுவாசத்தைப் பற்றி நம்பாதவர்களைக் காட்டிலும் அவர்களே அதிகம் ஐயுறுகிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஃபுளோரைடு பாதிப்பைத் தணிக்கவென்றே வகுக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியுடன் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. பெரியம்மாவின் தெருக்குழாயிலும் காவிரி வருகிறது. இறுகிய எலும்பு இளகவில்லை. இப்போதும் ஞாயிறுதோறும் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆலயம் சென்று, தரையில் உட்கார முடியாததால் கடைசிச் சுவரோரம் நாற்காலியிட்டு அமர்கிறார். சென்ற முறை நாங்கள் போனபோது, அந்தக் கேள்வியைப் புதிதாக வந்திருக்கும் போதகரிடமும் கேட்கப்போவதாகச் சொன்னார்.