எரிந்தால்தான் முடி வளருமா?

"நோகாமல் நோன்பு கும்பிட முடியுமா?" என்பது நம் ஊர் வழக்கு. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியிலும் இதே கருத்தில் ஒரு பழமொழி உண்டு: "இல் ஃபோ சூஃப்ரீர் பூர் எத்ர் பெல்". அழகாக இருக்க வேண்டுமானால் வேதனைப்படத்தான் வேண்டும் என்று பொருள். இரண்டு மொழியில் சொல்லிவிட்டால் மட்டும் ஒரு பொய் உண்மையாகிவிடுமா?

முடி கொட்டுவதற்கு மினாக்ஸிடில் என்ற மருந்தைத் தடவாத இளைஞர்கள் இன்று குறைவு. பெண் பார்க்கப் போகும் பையன்கள் முதல் என்னைப் போல் பென்ஷன் வாங்குபவர்கள் வரை தடவுகிறார்கள். சிலருக்குத் தலை எரிகிறது, அரிக்கிறது, செதில் செதிலாக உரிகிறது. மருந்துக்கடையில் சொன்னால் என்ன பதில் வருகிறது? "எரியுதா சார்? அப்போ மருந்து வேலை செய்யுது. பொறுத்துக்குங்க." முடிவெட்டுகிறவரும் இதையே சொல்கிறார், மச்சானும் இதையே சொல்கிறார்.

இது சுத்தப் பிதற்றல். மினாக்ஸிடில் முதலில் இரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக வந்தது. அதை விழுங்கியவர்களுக்கு எதிர்பாராமல் முடி வளர்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தடவும் மருந்தாக்கினார்கள். 1988-ல் அமெரிக்காவில் 2 சதவீதக் கரைசலுக்கு அனுமதி கிடைத்தது. மாத்திரை சாப்பிட்டவர்கள் தலையில் எதையும் தடவவில்லை. எரிச்சல் இல்லாமலேயே முடி வளர்ந்தது. எரிச்சலுக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பின் எரிவது ஏன்? இந்த மருந்து தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் ஆல்கஹாலும் புரொப்பிலின் கிளைகால் என்ற திரவமும் சேர்க்கிறார்கள். முன்னது தோலை உலர்த்தும். பின்னது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பெரும்பாலும் குற்றவாளி இதுதான். நுரையாக வரும் மினாக்ஸிடிலில் பொதுவாக இது கிடையாது. மாற்றியதும் பலருக்கு எரிச்சல் அடங்குகிறது. அபூர்வமாகச் சிலருக்கு மினாக்ஸிடிலே ஒவ்வாமை தரும். அவர்களுக்கு நுரையும் உதவாது, நிறுத்தத்தான் வேண்டும். எது காரணம் என்பதைத் தோல் மருத்துவர் பரிசோதித்துச் சொல்ல முடியும். கடை கவுண்டரில் நின்று ஊகிக்கிற விஷயமா இது?

காலமெல்லாம் கோப்பு படித்தவன் நான். அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளையும் விடமாட்டேன். ஒரு வேளைக்கு 1 மில்லி, நாளைக்கு இரண்டு வேளை. சிவந்த, புண்ணான தலையில் தடவாதே என்று அதில் இருக்கிறது. காரணம், கெட்டுப்போன தோல் வழியாக மருந்து இரத்தத்தில் கூடுதலாக இறங்கும். அடிப்படையில் இது இரத்தக் கொதிப்பு மருந்து என்பதை மறக்கக் கூடாது. தலைசுற்றல், படபடப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் வயதில் இதய நோய்க்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பாட்டிலையே திறக்கக் கூடாது.

இதை யாரும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிறார்கள். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு களிம்பு தருகிறார்கள். நாளாக ஆகத் தோல் மெலிந்துபோகும். ஒருவர் வெங்காயச் சாறு தேய்க்கச் சொல்கிறார், இன்னொருவர் எலுமிச்சை பிழியச் சொல்கிறார். ஊசி உருளையை உருட்டிவிட்டு, அந்தப் புண்ணின் மேலேயே மருந்தை ஊற்றுகிறவர்களும் உண்டு.

"நிறுத்தினால் வளர்ந்ததும் கொட்டிவிடுமே" என்பார்கள். அடியோடு நிறுத்தினால் சில மாதங்களில் கொட்டும், உண்மைதான். ஆனால் தோல் ஆறுவதற்காகச் சில நாள் நிறுத்துவதால் யாரும் வழுக்கையாகிவிட மாட்டார்கள். இந்தப் பயத்தை வைத்துத்தான் அடுத்த பாட்டிலை விற்கிறார்கள்.

மருந்துக்கடைக்காரர்களே, இரண்டாவது பாட்டில் கேட்டு வருகிறவரிடம் விலை சொல்லும் முன் "தலை எரிகிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தாத்தா பாட்டிகளே, பேரன் தலையைச் சொறிந்துகொண்டே சாப்பிட்டால் "பொறுத்துக்கோ" என்று சொல்லாதீர்கள். நம் ஜிப்மரில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, அழைத்துப் போங்கள்.