வேண்டுகிறோமா, வேண்டுமா?

விருப்பத்தை உரைக்கத் தமிழில் பல வடிவங்கள் உண்டு. "வாழ்க" என்னும் வியங்கோள் வாழ்த்தாகும். "வேண்டுகிறோம்" என்பது மன்றாட்டாகும். "வேண்டும்" என்னும் சொல்லோ இருமுகம் உடையது. "எமக்கு நிலம் வேண்டும்" என்றால் அஃது எமது விருப்பம். "நிலத்தைத் திருப்பித் தரல் வேண்டும்" என்றால் அது வைத்திருப்பவரின் கடமை.

இஃது இலக்கண வகுப்போடு முடியும் செய்தியன்று. மன்னார்க் கரையிலுள்ள முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அங்கே கடற்படை முகாமிட்டது. போர் 2009இல் முடிந்தும் ஊர் திரும்பவில்லை. 2017இல் அம்மக்கள் ஒரு மாதத்துக்கு மேல் அறப்போர் நடத்திய பின்னரே, 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. மன்றாட்டு ஈட்டாததை உறுதி ஈட்டிற்று.

ஆள்வோரின் மறுமொழிகளையும் நாம் நுணுகி நோக்குதல் வேண்டும். "ஆவன செய்யப்படும்", "பரிசீலிக்கப்படும்" என்கின்றனர். செய்பவர் யார்? எந்நாளில்? செயப்பாட்டு வினைக்குள் செய்பவர் மறைந்துகொள்கிறார்! சட்டத்திலும் அவ்வாறே: "செய்யலாம்" என்பது பொதுவாக அதிகாரியின் விருப்புக்கு விடுவது, "செய்தல் வேண்டும்" என்பது அவரைக் கட்டுவது.

வடக்கு, கிழக்கில் நிருவாக மொழி தமிழ் என்பதை 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் அரசியலமைப்பிலேயே பொறித்துள்ளது. ஆகவே கச்சேரிக்குச் செல்லும் நம் தமிழ் மனுவின் ஒவ்வொரு வினைமுற்றுக்கும் பொருள் உண்டு.

உழவர்களே, உத்தியோகத்தர்களே! மனுவில் "விடுவித்தல் வேண்டும்" என்றே எழுதுக. மறுமொழியில் பொறுப்பாளரும் நாளும் இல்லையெனில், அவ்விரண்டையும் கேட்டு மீண்டும் எழுதுக. பணிவு நம் பண்பு. உரிமையை இரவலாகக் கேட்பது பணிவன்று.